பாவையின் பிறந்த ஊர் எது?

கண்டி மாநகரிலிருந்து வத்தேகமை வழியாக வடகிழக்கே செல்லும் பாதை, தேயிலைச் சரிவுகளினூடே வளைந்தேறிப் பன்வில என்னும் சிற்றூரை அடைகின்றது. அதற்கப்பால் நக்கிள்ஸ் மலைத்தொடர் மேகப் போர்வை போர்த்து நிற்கும். கோப்பிக் காலத்திலும் அதன்பின் தேயிலைக் காலத்திலும் தமிழகத்திலிருந்து வந்து இம்மலைகளைப் பண்படுத்திய மக்களின் வழித்தோன்றல்கள் சுற்றுப்புறத் தோட்டங்களில் வாழ்கின்றனர். அத்தோட்டங்களுள் ஒன்றில் பல்லாண்டு ஆசிரியப் பணி புரிந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. சென்ற மழைக்காலத்தில் ஒருநாள் மாலை அவர் இல்லத்துக்குச் சென்றிருந்தேன்.

தேநீர் அருந்தி முடிந்ததும் நண்பர் உள்ளே சென்று, பழைய வேட்டித் துண்டில் சுற்றிய பொருளொன்றைக் கொணர்ந்து மேசைமீது வைத்தார். அவிழ்த்துப் பார்த்தால் ஓர் உலோகப் பாவை. இரு கைகளாலும் அகலொன்றை ஏந்தி நிற்கும் பெண்ணுருவம். உயரம் ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு. கொண்டையும் கொசுவமும் காதணியும் தெளிவாகத் தெரிந்தன. மூக்கும் வாயும் மட்டும் தேய்ந்து மழுங்கியிருந்தன. பீடத்தைச் சுற்றிக் கரியும் எண்ணெய்ப் பிசுக்கும் தடித்துப் படிந்திருந்தன.

"இதைச் செய்தவர் யார்? எந்த ஊரில் செய்யப்பட்டது? உங்களால் சொல்ல முடியுமா?" என்றார் நண்பர்.

அவ்வீட்டில் ஏற்கெனவே மூன்று கருத்துக்கள் உலவின. எண்பது வயதான நண்பரின் தாயார், "அது எங்க அம்மாயி ஊரிலேயிருந்து கொண்டாந்ததுங்க" என்றார். அயலில் வாழும் சிங்களப் பெரியவர் அகலின் விளிம்பிலுள்ள கொடி வேலையைக் காட்டி, இஃது ஐயமின்றிக் கண்டிப் பித்தளை வேலை, பிலிமத்தலாவைப் பக்கத்தில் செய்தது என்றாராம். மூன்றாமவர் பழம்பொருள் வாங்கும் வியாபாரி. "பழைய பித்தளைதானே, நிறைக்கு விலை தருகிறேன்" என்பது அவர் தீர்ப்பு. ஆனால் வெறும் பித்தளைக்காக அவர் மூன்று முறை மலையேறி வந்திருந்தார்!

இதற்குள், உயர்தர வகுப்பில் பயிலும் நண்பரின் இளைய மகள் ஒரு கிண்ணத்தில் புளியைக் கரைத்துக்கொண்டு வந்துவிட்டாள். "நன்றாகத் துலக்கினால் எல்லாம் தெளிவாகத் தெரியும் அல்லவா, மாமா?" என்றாள்.

"அம்மா, அந்தக் கிண்ணத்தை முதலில் அடுக்களையில் வைத்துவிட்டு வா. நீ துலக்கப் போவது அழுக்கை மட்டுமன்று, இந்தப் பாவையின் வாக்குமூலத்தையும்தான்" என்றேன். அவள் வியப்புடன் நின்றாள். அன்று அவளுக்குச் சொன்னவற்றையும், பின்னர் நாங்கள் கண்டவற்றையுமே இங்கு எழுதுகின்றேன். பூஜையறை மூலையிலோ பரண்மீதோ இத்தகைய பாவை ஒன்றையேனும் வைத்திருக்கும் வீடுகள் நம்மிடையே பலவாதலின், இது பலர்க்கும் பயன்படக்கூடும்.

பெயர் சொல்லாத கலை

மேனாட்டு ஓவியர் தம் படத்தின் மூலையில் கையொப்பமிடுவர். வெண்கலச் சிலை வார்க்கும் பட்டறைகளும் தம் முத்திரையைப் பீடத்தில் பதிப்பதுண்டு. அங்கெல்லாம் செய்தவரைத் தேடுவோர் முதலில் முத்திரையைத் தேடுகின்றனர். நம் நாட்டு விக்கிரகங்களில் அவ்வாறு தேடுவோர்க்குப் பெரும்பாலும் ஏமாற்றமே மிஞ்சும்.

தஞ்சைப் பெரிய கோயிலை எடுத்துக்கொள்வோம். 1010ஆம் ஆண்டில் நிறைவெய்திய அக்கோயிலின் சுவர்களில், இராசராச சோழனும் அவன் தமக்கை குந்தவையும் தேவியரும் அதிகாரிகளும் அளித்த உலோகத் திருமேனிகளைப் பற்றிய கல்வெட்டுக்கள் உள்ளன. அறுபதுக்கு மேற்பட்ட திருமேனிகள் அவற்றில் கணக்கிடப்பட்டுள்ளன. ஒவ்வொன்றுக்கும் பாதாதி கேசாந்தம், அதாவது பாதம் முதல் தலைமுடி வரை, இத்தனை முழம், இத்தனை விரல் என்று உயரம் குறிக்கப்பட்டுள்ளது. எத்தனை கைகள், பீடத்தின் அளவு என்ன, அளித்தவர் யார் என்பனவும் உண்டு. வார்த்த கைவினைஞனின் பெயரைத்தான் காணோம். அத்திருமேனிகளிற் பெரும்பாலானவும் இன்று அங்கில்லை. கல்லிலுள்ள கணக்கு மட்டும் எஞ்சி நிற்கின்றது.

கொல்லர், தச்சர், கன்னார், சிற்பர், தட்டார் என ஐவகைக் கம்மியரைத் தமிழர் வகுத்தனர். சிங்கள மக்களிடையேயும் நவந்தன்னர் என்ற பெயரில் இதனையொத்த குலமரபு இருந்தது. இவர்களுக்குத் தொழில் தந்தை வழிச் சொத்து. அளவுகள் சாத்திரம் விதித்தவை. திருமேனி தெய்வத்துக்குரியது. அதில் தன் பெயரைப் பொறிக்கவேண்டும் என்ற எண்ணமே அக்கைவினைஞனுக்கு எழுந்ததில்லை போலும். ஆகவே செய்தவனை அறிய விரும்புவோர் அவன் விட்டுச்சென்ற பிற அடையாளங்களைத்தான் நாடவேண்டும்.

பொலன்னறுவையில் எழுந்த வினா

நண்பர் கேட்ட கேள்வி ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே நம் நாட்டில் பெரிதாக எழுந்தது. 1907, 1908ஆம் ஆண்டுகளில், புதைபொருளாராய்ச்சித் தலைவராயிருந்த எச். சீ. பி. பெல் பொலன்னறுவையில் நடத்திய அகழ்வுகளின்போது, முதலாம் சிவ தேவாலயத்தின் அருகே சைவத் திருமேனிகள் பல வெளிப்பட்டன. நடராசர், உமையம்மை, நாயன்மார் ஆகியோரின் வடிவங்கள் அவற்றிலிருந்தன. 1960ஆம் ஆண்டில் ஐந்தாம் சிவ தேவாலயத்திலும் மேலும் பல கிடைத்தன. இவற்றுட் சிறந்தவற்றைக் கொழும்பு நூதனசாலையில் காணலாம்.

இவை யாருடைய உருவங்கள் என்பதை அறிவதே முதற்பணியாயிற்று. உழவாரம் ஏந்தியவர் அப்பர். குழந்தை வடிவினர் சம்பந்தர். கையில் சுவடி ஏந்தியவர் மணிவாசகர். மணக்கோலத்து இளைஞராய், வியந்து நிற்பவர்போல் விளங்குபவர் சுந்தரர். சேர் பொன்னம்பலம் அருணாசலம் இத்திருமேனிகளையும் சிவ வழிபாட்டின் தத்துவத்தையும் இணைத்து ஆராய்ந்து எழுதினார். கலாயோகி ஆனந்தக் குமாரசுவாமி 1914ஆம் ஆண்டில் வெளியிட்ட இலங்கை வெண்கலங்கள் பற்றிய நூலில் இவற்றைப் படங்களுடன் விவரித்தார்.

இவற்றைச் செய்தவர் யார் என்பது அதனினும் கடினமான வினா. 993ஆம் ஆண்டையொட்டி வட இலங்கையைக் கைப்பற்றிய சோழர், 1070 வரையில் பொலன்னறுவையிலிருந்து ஆண்டனர். அவர்கள் சென்ற பின்னரும் சைவக் கோயில்கள் அங்கு நிலைத்திருந்தன. அங்ஙனமாயின் இத்திருமேனிகள் காவிரிக் கரையில் வார்க்கப்பட்டுக் கடல் கடந்து வந்தனவா? தமிழகத்துச் சிற்பிகள் இங்கு வந்து தங்கி வார்த்தனரா? அன்றி இந்நாட்டுக் கன்னாரே அவ்வழியைக் கற்றுச் செய்தனரா? இன்றளவும் அறிஞர் கருத்து ஒன்றுபடவில்லை. அழகினால் அனைவரையும் கவரும் சுந்தரமூர்த்தி, தம்மைச் செய்தவரைப் பற்றி வாய் திறவாது நிற்கின்றார்.

உலோகத்தின் ஊர்

கண்ணுக்குத் தெரியாத அடையாளத்தையும் இக்காலத்து அறிவியல் படிக்க முற்பட்டிருக்கின்றது. காரீயத்தின் அணுக்களில் எடை வேறுபட்ட சில வகைகள் உண்டு. அவற்றின் விகிதம் சுரங்கத்துக்குச் சுரங்கம் மாறுபடும். அவ்விகிதத்தை அளந்தால், ஒரே கனிவளத்திலிருந்து வந்த உலோகங்களை ஓரளவு இனம் பிரிக்கலாம். இம்முறையாலும் உலோகக் கலப்பை அளவிடுவதாலும் தென்னிந்தியத் திருமேனிகள் நூற்றுக்கு மேற்பட்டவற்றை ஆராய்ந்து, அவற்றைக் கால வரிசைப்படுத்த முயன்றவர் சாரதா ஸ்ரீநிவாசன் என்னும் ஆராய்ச்சியாளர். கண்ணால் கண்டு சொன்ன கால நிர்ணயங்கள் சில இதனால் உறுதிப்பட்டன, சில ஐயத்துக்குள்ளாயின.

இனி ஒரு விந்தையைக் கேளுங்கள். ஆயிரக்கணக்கான சோழர் திருமேனிகளுக்கு வேண்டிய செம்பு எங்கிருந்து வந்தது? காவிரிச் சமவெளியில் செம்புச் சுரங்கம் இல்லை. நம் நாட்டின் கிழக்கே, திருகோணமலை மாவட்டத்துச் சேருவிலையில் செம்புக் கனிமம் உண்டு. சோழர் காலத்துச் செம்பு இலங்கையின் அப்பகுதியிலிருந்து சென்றிருக்கலாம் என்று கலை வரலாற்றறிஞர் வித்யா தெஹேஜியா 2021இல் வெளியிட்ட நூலில் கருதுகின்றார். அக்கருத்து மெய்யானால், தஞ்சையில் வார்த்த நடராசரின் திருமேனியில் ஓடுவது இலங்கை மண்ணின் செம்பு! அவர் எந்த நாட்டவர் என்று கேட்டால் என்ன விடை சொல்வது?

உலோகம் பிறந்த ஊர் ஒன்று. உருவம் பிறந்த ஊர் ஒன்று. விளக்கேற்றி வழிபட்ட ஊர் மற்றொன்று. இம்மூன்றையும் தனித்தனியே கேட்டால்தான் ஒரு விக்கிரகத்தின் வரலாறு விளங்கும்.

கண்டியில் கலந்த கைகள்

அயல்வீட்டுச் சிங்களப் பெரியவரின் கருத்தையும் எளிதில் தள்ளிவிடுவதற்கில்லை. கண்டிப் பகுதியில் தமிழ்க் கையும் சிங்களக் கையும் பன்னெடுங்காலமாகக் கலந்தே தொழில் செய்துள்ளன. பேராதனைக்கு மேற்கேயுள்ள கடலாதெனிய விகாரை 1344ஆம் ஆண்டில் எழுந்தது. அதனைக் கட்டிய தலைமைச் சிற்பி கணேசுவராசாரி என்னும் தென்னிந்தியர் என்பதை அங்குள்ள கல்வெட்டே கூறுகின்றது. அருகிலுள்ள இலங்காதிலக விகாரையின் பாறையில் சிங்களச் சாசனத்தோடு தமிழ்ச் சாசனமும் உண்டு. 1739 முதல் 1815 வரையில் கண்டியை ஆண்டவர்களோ மதுரைத் தொடர்புடைய நாயக்க வமிசத்தினர். அரண்மனையின் நான்கு பட்டறைகளான பட்டல்ஹத்தரவில், பொன்னிலும் வெள்ளியிலும் பித்தளையிலும் வல்ல கைவினைஞர் அரசனுக்காகப் பணி புரிந்தனர்.

இக்கைவினைஞர்க்கு உலகறிய ஒரு நினைவுச்சின்னம் எழுப்பியவர் ஆனந்தக் குமாரசுவாமியே. 1903 முதல் 1906 வரையில் இலங்கைக் கனிப்பொருளாய்வுப் பகுதியின் தலைவராயிருந்த அவர், கல்லையும் மண்ணையும் ஆராய்வதற்காக ஊர் ஊராய்த் திரிந்தபோது, அழிந்து வரும் கைத்தொழில்களைக் கண்டு மனம் நொந்தார். அதன் பயனாக 1908இல் வெளிவந்ததே இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய அவரது பெருநூல். இங்கிலாந்தில் வில்லியம் மொறிஸ் பயன்படுத்திய கையச்சுப் பொறியில் 425 பிரதிகளே அச்சிடப்பட்டன. மெழுகுக் கருவைச் செய்து உலோகம் வார்க்கும் கண்டி முறை அதில் எழுதப்பட்டிருக்கின்றது. ஒரு தமிழர் சிங்களக் கன்னாரின் கைத்திறனை உலகுக்கு எடுத்துரைத்தார் என்பதை நம் மாணவர் மறத்தலாகாது.

மெழுகில் பிறப்பது

பாவை எவ்வாறு பிறக்கின்றது என்பதை அறிந்தால்தான் அதன் உடலிலுள்ள தழும்புகளைப் படிக்க இயலும். கும்பகோணத்துக்கு அருகிலுள்ள சுவாமிமலையில் இன்றும் சிற்பிகள் பழைய முறையிலேயே வார்க்கின்றனர். தென்னங்கீற்று நறுக்கொன்றை உருவத்தின் உயரத்துக்கு வெட்டி, அதனை மடித்து மடித்து முகம், மார்பு, தொடை ஆகியவற்றின் அளவைக் குறிப்பர். தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய கலவையால் உருவத்தை முழுதாகச் செய்வர். அதன்மேல் காவிரியின் மெல்லிய வண்டல் மண்ணைப் பூசி உலர்த்துவர். பின் கனத்த மண்ணைப் பூசிக் கம்பியால் கட்டுவர். அதனைச் சூடேற்றினால் மெழுகு உருகி வெளியேறும். மெழுகிருந்த வெற்றிடத்தில், உருக்கிய உலோகத்தை வார்ப்பர். ஆறியதும் மண்ணை உடைத்தெடுத்து, அரத்தாலும் உளியாலும் சீர் செய்வர். கண் திறப்பது இறுதியில்.

அச்சு உடைந்துபோவதால், இம்முறையில் ஒன்றைப்போல் மற்றொன்று முற்றிலும் அமைவதில்லை. சிறு மேடுபள்ளங்களும் உளியின் போக்கும் அந்தந்தக் கைக்கே உரியவை. மணலச்சில் வார்த்த பொருளிலோ இரு பாதி அச்சுக்கள் கூடிய கோடு பக்கவாட்டில் தெரியும். அரம் போட்டுத் தேய்த்தாலும் உட்குழிவுகளில் அதன் தடம் எஞ்சும். அன்றியும், தென்னாட்டுத் திருமேனிகள் பெரும்பாலும் கனமாக, அதாவது உள்ளே கூடின்றி, வார்க்கப்பட்டவை. வடநாட்டிலும் நேபாளத்திலும் பொள்ளலாக வார்ப்பதே பெருவழக்கு. ஆகவே கையில் எடுத்ததும் உணரும் கனமே ஒரு செய்தி.

மண் சொன்ன சாட்சி

"சரி, அழுக்கைப் போக்குவதில் என்ன தவறு?" என்று நண்பரின் மகள் விடாது கேட்டாள். அதற்கு விடையாக ஒரு வழக்கைச் சொன்னேன்.

1976ஆம் ஆண்டில், அந்நாளில் தஞ்சை மாவட்டத்திலிருந்த பத்தூரில், பாழடைந்த விசுவநாதசுவாமி கோயிலருகே மண் வெட்டிய ஓர் ஏழைத் தொழிலாளிக்கு நடராசர் திருமேனி ஒன்று கிடைத்தது. அது கைமாறிக் கைமாறி இலண்டனுக்குச் சென்றது. 1982இல் கனடா நாட்டு நிறுவனம் ஒன்று அதனை வாங்கியது. இங்கிலாந்துப் பொலிசார் அதனைக் கைப்பற்றினர், வழக்கு எழுந்தது. அந்த நடராசர் பத்தூர்க் கோயிலைச் சேர்ந்தவரே என்று எப்படி மெய்ப்பிப்பது? தமிழ்நாட்டுத் தொல்பொருளறிஞர் இரா. நாகசாமி உள்ளிட்ட நிபுணர் பலர் சாட்சியம் அளித்தனர். அதே கோயிலருகே கிடைத்த மற்றத் திருமேனிகளோடு சிற்ப அமைதி ஒப்பிடப்பட்டது, உலோகம் ஒப்பிடப்பட்டது, திருமேனியில் ஒட்டியிருந்த மண்ணும் ஆராயப்பட்டது. 1988இல் தீர்ப்பு இந்தியாவின் பக்கமாயிற்று. மேன்முறையீடும் தள்ளப்பட, 1991இல் நடராசர் தாயகம் திரும்பினார். யாரேனும் ஆர்வமிகுதியால் அவரைப் புளி போட்டுப் பளபளவென்று துலக்கியிருந்தால், அந்த மண் சாட்சி சொல்ல இருந்திருக்குமா?

மற்றொரு வழக்கில் சாட்சி சொன்னது ஒரு புகைப்படம். அரியலூர் மாவட்டத்துச் சிறீபுரந்தான் கோயிலிலிருந்து 2006இல் களவாடப்பட்ட நடராசரை அவுஸ்திரேலியத் தேசிய கலைக்கூடம் 2008இல் விலை கொடுத்து வாங்கியது. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனத்தார் முன்னரே எடுத்து வைத்திருந்த படத்தோடு ஒப்பிட்டபோது, இரண்டும் ஒன்றே என்பது வெளிப்பட்டது. 2014இல் அந்நாட்டுப் பிரதமர் நேரில் வந்து அதனை இந்தியாவிடம் ஒப்படைத்தார். எவரோ ஒருவர் என்றோ பொறுமையுடன் எடுத்த படம், பல ஆண்டு கழித்து ஒரு கோயிலின் பேச்சாயிற்று.

பாதம் முதல் முடி வரை

மறுநாட் காலை, வெயில் தெளிந்ததும், முற்றத்தில் மேசையிட்டுப் பாவையை நிறுத்தினோம். நண்பரின் மகள் பயிற்சிப் புத்தகமொன்றை எடுத்துக்கொண்டாள். நான்கு பக்கமும் மேலும் கீழுமாகக் கைத்தொலைபேசியில் படம் எடுத்தாள். பக்கத்தில் ஓர் அளவுகோலை வைக்கச் சொன்னேன்.

முதலில் உருவம். விளக்கேந்திய பெண்ணைப் பாவை விளக்கு என்றும் தீபலட்சுமி என்றும் கூறுவர். கோயிலுக்கு நேர்ந்துகொண்டோர், தாமே இறைவன் முன் என்றும் விளக்கேந்தி நிற்பதாகக் கருதித் தம் உருவிலேயே இத்தகைய பாவையைச் செய்து அளிப்பதுண்டு. திருவிடைமருதூர்க் கோயிலிலுள்ள பெரிய பாவை விளக்கு, பத்தொன்பதாம் நூற்றாண்டில் தஞ்சை மராத்திய அரச குடும்பத்தைச் சார்ந்த அம்முனு அம்மணி என்பவர் அளித்தது. அதன் பீடத்தில் எழுத்துண்டு. நம் பாவையோ வீட்டில் வைக்கத்தக்க சிறு வடிவம். கொசுவம் வைத்த சேலைக் கட்டும் கொண்டையும் தமிழ்நாட்டுப் பட்டறையைச் சுட்டின.

அடுத்து உடல். பக்கவாட்டில் அச்சுக்கோடு இல்லை. முழங்கையின் உட்புறத்தில் அரம் எட்டாத இடத்தில், மெழுகை விரலால் அழுத்திய மென்மை அப்படியே உலோகமாகியிருந்தது. ஒரு கைவினைஞனின் விரல் தங்கிய இடம் அது. நாங்கள் மூவரும் மாறி மாறி அதனைத் தொட்டுப் பார்த்தோம்.

பாவையும் பீடமும் திருகு மரையால் இணைக்கப்பட்டிருந்தன; மெல்லத் திருகியதும் எளிதில் கழன்றன. பீடத்தின் உட்புறத்தில் கடைசலிட்ட வட்டக் கோடுகள் தெரிந்தன. இவ்விரண்டும் இப்பாவை சோழர் காலத்ததன்று என்பதைத் தெளிவாக்கின. நூறாண்டுக்குச் சற்று முன்பின்னாகச் செய்யப்பட்ட வீட்டு விளக்கு இது என்பது என் மதிப்பு. நண்பரின் முகம் சற்றே வாடியது உண்மை.

உலோகம் எதுவென்று அறிய, பள்ளியிற் படித்த ஆக்கிமிடீசின் விதி கைகொடுத்தது. கடைத் தராசில் பாவையை மட்டும் நிறுத்தோம்; பின் நூலில் கட்டி, நீர் நிறைந்த பாத்திரத்தில் அமிழ்த்தி, வழிந்த நீரை அளந்தோம். நிறையை அந்நீரின் அளவால் வகுத்தபோது ஏறத்தாழ 8.5 வந்தது. செம்புக்கு இது 8.9, துத்தநாகத்துக்கு 7.1, இரண்டும் கலந்த பித்தளைக்கு 8.5ஐ ஒட்டி அமையும். வெள்ளீயம் கலந்த வெண்கலம் இதனினும் சிறிது கூடும். வீட்டுச் சோதனை முடிந்த முடிபாகாது, ஆயினும் வழிகாட்டும்.

இறுதியாக அகல். அதன் விளிம்பிலுள்ள கொடிக்கருக்கு, சிங்களத்தில் லியவெல எனப்படுவது, கண்டி வேலைப்பாடே. ஆனால் அகலின் நிறம் பாவையின் நிறத்தினும் வெளிறியிருந்தது. கைகளும் அகலும் கூடுமிடத்தில் பற்றாசு வைத்து ஒட்டிய தடமும் தெரிந்தது. இதனைக் கேட்டதும் திண்ணையிலிருந்த மூதாட்டி, "ஆமாங்க, நான் சின்னப் பிள்ளையா இருக்கையிலே கீழே விழுந்து அகல் உடைஞ்சு போச்சு. எங்கப்பா கண்டிக்குக் கொண்டுபோய்ப் புதுசா வெச்சுக்கிட்டு வந்தாரு" என்றார். அயல்வீட்டுப் பெரியவர் சொன்னதும் பொய்யன்று! பாவை ஒரு நாட்டுக் கையால் ஆனது. அதன் கையிலுள்ள அகல் மற்றொரு நாட்டுக் கையால் ஆனது.

பீடத்தின் அடியில்

பீடத்தைக் கவிழ்த்து, உலர்ந்த பருத்தித் துணியால் மெதுவாக ஒற்றியபோது, விளிம்பை ஒட்டிப் புள்ளி புள்ளியாய்ச் சில பள்ளங்கள் தென்பட்டன. சாய்ந்த வெயிலில் திருப்பிப் பிடித்ததும் அவை எழுத்துக்களாயின. பாத்திரக் கடையில் பெயர் வெட்டுவார்களே, அவ்வகை எழுத்து. செய்தவனின் பெயர் கிடைத்துவிட்டது என்று நண்பர் துள்ளியெழுந்தார்.

அவர் மகள் எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தாள். அது ஒரு பெண்ணின் பெயர். அதற்குப் பின் "துறை" என்ற ஈரெழுத்து, மிகுதி தேய்ந்துவிட்டது. திண்ணையிலிருந்து நெடுநேரம் ஓசையே இல்லை. பிறகு மூதாட்டி மெல்லச் சொன்னார்: "அது எங்க அம்மாயி பேரு. துறையூர்க்காரங்க அவங்க."

1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் போக்குவரத்துத் தொடங்கிய பின், மண்டபம் முகாமிலே தங்கிச் சோதனை முடித்துக் கடல் கடந்தோர் பல்லாயிரவர். அவர்களுள் ஒருத்தி, துணி மூட்டைக்குள் இப்பாவையை வைத்துக் கொண்டுவந்தாள். சீதனமாக வந்ததோ, தாய் தந்ததோ, யாம் அறியோம். தோட்டத்து லயத்தில் மண் சுவரருகே அவள் ஏற்றிய விளக்கின் கரியே பீடத்தைச் சுற்றிப் படிந்திருப்பது. முகம் தேய்ந்தது, நாள்தோறும் துடைத்த அவள் கையாலும் அவளுக்குப் பின் வந்தோர் கையாலுமே.

"நீ எந்த ஊர்?" என்ற கேள்வி இம்மலைகளில் வாழ்வோர்க்கு வெறும் உபசார வார்த்தையாக இருந்ததில்லை. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. தந்தை பிறந்த ஊருக்கும் பாட்டன் வந்த நாளுக்கும் பத்திரம் காட்டவேண்டிய நிலை ஏற்பட்டது. 1964ஆம் ஆண்டுச் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. அவ்வொப்பந்தத்தால் மூதாட்டியின் உடன்பிறந்தோர் இருவர் கடல் கடந்தனர். இவர் இங்கே தங்கினார். அக்காலத்தில் எந்த அலுவலகமும் இப்பாவையைச் சான்றாக ஏற்றிராது. ஆயினும் ஒரு குடும்பம் வந்த வழியை, பத்திரங்கள் கைவிட்ட பின்னும், அது தன் அடியில் எழுதி வைத்திருந்தது.

செய்தவனின் பெயர் கடைசிவரை எங்களுக்குக் கிடைக்கவில்லை. அவன் வழக்கம்போல் தன்னை மறைத்துக்கொண்டான்.

வாசகர்க்குச் சில சொற்கள்

உங்கள் வீட்டில் இத்தகைய பொருளிருப்பின், புளி, எலுமிச்சை, சாம்பல், கடையில் விற்கும் மெருகுப்பொடி ஆகியவற்றை அதனருகே கொண்டு செல்லாதீர்கள். உலர்ந்த மெல்லிய துணி போதும். பசுமையாய்ப் பொடிந்து உதிரும் களிம்பு காணப்பட்டால், ஈரமில்லாத இடத்தில் வைத்து, நூதனசாலையில் உள்ளோரிடம் காட்டுங்கள். நாற்புறமும் பீடத்தின் அடியும் தெரியப் படம் எடுத்து வையுங்கள். வீட்டு முதியோர் அதனைப் பற்றிச் சொல்வதை, முன்னுக்குப்பின் முரணாயிருப்பினும், அவர்கள் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள்; முரண்போல் தோன்றுவன இரண்டும் மெய்யாயிருத்தல் கூடும். பழமையானதென்று தோன்றினால் தொல்பொருளியல் திணைக்களத்தாரை அணுகுங்கள். 1940ஆம் ஆண்டுத் தொல்பொருட் கட்டளைச் சட்டத்தின்படி, தொல்பொருளை அனுமதியின்றி நாட்டைவிட்டு வெளியே அனுப்புதல் குற்றமாகும். நிறைக்கு விலை பேசுவோரிடம் அவசரப்பட்டுக் கொடுத்துவிடாதீர்கள்.

விடைபெறும்போது நண்பரின் மகள் தன் பயிற்சிப் புத்தகத்தைக் காட்டினாள். தஞ்சைக் கல்வெட்டுக்களின் முறையைப் பின்பற்றி அவள் இவ்வாறு எழுதியிருந்தாள்:

"பாவை விளக்கு ஒன்று. பாதாதி கேசாந்தம் பதினெட்டுச் சதமமீற்றர். கை இரண்டு. பித்தளை. வார்த்தவர் பெயர் தெரியாது. அகல் வைத்தவர் கண்டி நகரத்தார், பெயர் தெரியாது. கொண்டுவந்தவர், அப்பாயியின் அம்மாயி, ஊர் துறையூர். விளக்கேற்றும் ஊர் பன்வில."

அப்பொழுது இருட்டத் தொடங்கியிருந்தது. மூதாட்டி அகலில் எண்ணெய் வார்த்துக்கொண்டிருந்தார்.